எண்ணாமல் எழுதிய பத்துச் சுற்று

ஓய்வு பெற்ற பிறகும் வாரத்தில் இரண்டு நாள் ஹெப்பாள் பட்டறைக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். வேலை செய்ய அல்ல. வீட்டில் சும்மா இருந்தால் நன்றாக ஓடுகிற மிக்ஸியைப் பிரித்துப் போட்டுவிடுகிறேன் என்று மனைவிதான் துரத்திவிடுகிறாள். போன மாதம் அங்கே ஒரு பழைய கார் நின்றிருந்தது. நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி, ஆட்டோமேட்டிக் கியர். இப்போது பட்டறையை நடத்தும் மஞ்சுநாத் என்னைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டான்.

"அண்ணா, இதோட ஆட்டோ பாக்ஸ் போயிடுச்சு. ஓனர் மேன்யுவல் பாக்ஸ் போடச் சொல்றார். நீங்க அந்தக் காலத்துல ஒண்ணு பண்ணிருக்கீங்க அல்லவா? ஸ்வல்ப, கொஞ்சம் எழுதிக் கொடுங்க. பசங்க எல்லாரும் படிப்பாங்க."

செய்திருக்கிறேன். ஒரே ஒரு முறை. அதைப் பற்றி யாரிடமும் பெருமையாகப் பேசியதில்லை. ஏன் என்று யாரும் கேட்டதுமில்லை. கேட்டது மஞ்சு என்பதால் எழுதுகிறேன். ஆனால் அவன் எதிர்பார்க்கிற மாதிரி இதில் படம் வரைந்து பாகம் குறித்த விளக்கம் இருக்காது.

நான் ஹனூர்ப் பக்கத்துக்காரன். பழனிச்சாமி என்று பெயர். கற்றுக்கொண்ட வருடங்களைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. நஞ்சன்கூட்டில் ஒரு லாரிப் பட்டறையில் ஏழு வருடம் கிரீஸில் குளித்தேன், திட்டு வாங்கினேன், இடது கைச் சுண்டுவிரல் நகத்தைப் பறிகொடுத்தேன். பிறகு ஹெப்பாளில் கார் வேலைக்குச் சேர்ந்தேன்; பெங்களூர் ஹெப்பாள் அல்ல, தசரா ஊர்வலம் நடக்கும் ஊரின் ஹெப்பாள். கை ஓடியது. கை ஓடுகிறது என்பதில் கொஞ்சம் தலைக்கனமும் வந்து சேர்ந்தது.

அங்கே ஃபோர்மேன் ஆரோக்கியநாதன். நாங்கள் நாதன் சார் என்போம். தங்கவயல்காரர். சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கும் கூண்டு இருக்கிறதல்லவா, அதை ஏற்றி இறக்கும் இயந்திரத்தைப் பராமரித்தவர். அங்கே ஒரு போல்ட்டில் கை வைப்பதற்கு முன்னால், என்ன செய்யப்போகிறோம் என்பதை எழுதி எல்லோர் முன்னிலையிலும் உரக்கப் படிக்க வேண்டுமாம். அந்தப் பழக்கத்தை இங்கேயும் கொண்டுவந்துவிட்டார். பெரிய வேலை என்றால் வண்டியின் பக்கத்தில் எல்லோரும் நிற்க வேண்டும். வண்டிக்காரரும் நிற்க வேண்டும். வேலையை எடுத்தவன் பேப்பரைப் படிக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் குறுக்கே கேட்கலாம்.

முதலில் எனக்கு இது கோமாளித்தனமாகப்பட்டது. கார் மெக்கானிக்கா, கோர்ட் குமாஸ்தாவா என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தேன். ஒருமுறை ஒரு ஜீப்புக்கு டீசல் என்ஜின் மாற்றும் பேப்பரைப் படித்தேன். பெயின்ட் அடிக்கும் சையது, என்ஜினைப் பற்றி அரிச்சுவடியும் தெரியாதவர், "ஃபேன் ரேடியேட்டரை இடிக்காதா பழனி?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். அளந்து பார்த்தால் ஒரு அங்குலம் இடித்தது. நாதன் சார் என்னைத் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். தப்பு செய்தவன் முன்னால் நின்று கண்ணாடி துடைப்பதுதான் அவருடைய திட்டு. அது முடியும்வரை எதிரே நிற்பது பெரும்பாடு.

ஆனால் எழுதிய அளவை அவர் திரும்ப அளந்து பார்க்கமாட்டார். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "கூண்டுக்குள்ள எறங்கறவன் கயித்தை அளந்து பாத்துட்டா எறங்கறான்? பேப்பரைப் படிச்சவனை நம்பி எறங்கறான்பா" என்றார்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு புரட்டாசியில் அந்த வண்டி வந்தது. ஜப்பான் ஸ்டேஷன் வேகன். நான்கு சக்கரமும் எந்நேரமும் இழுக்கும், ஆட்டோமேட்டிக் கியர். லாரியின் பின்னால் கட்டி இழுத்து வந்திருந்தார்கள். லாரியின் முன் சீட்டிலிருந்து ஒரு கையால் கம்பியைப் பிடித்து, மறு கையில் தடியை ஊன்றி, இறங்கினார் டாக்டர் மல்லிகா. நாற்பது வயதிருக்கும். சின்ன வயதில் வந்த போலியோவால் இடது காலில் இரும்புக் காலிப்பர். கொள்ளேகால் பக்கத்துத் தமிழ்க் குடும்பம். காட்டோரத்தில் சின்னதாக ஒரு ஆஸ்பத்திரி வைத்திருந்தார். இடது காலுக்கு வேலையே இல்லாத வண்டி என்பதால் வளைகுடாவில் இருந்த அண்ணன் அதைக் கப்பலில் அனுப்பியிருந்தார்.

ஆட்டோமேட்டிக் பாக்ஸ் உள்ளே கருகிப்போயிருந்தது. அதற்குச் சாமான் இந்தியாவில் இல்லை. பெங்களூர்ப் பழைய சாமான் கடையில் அதே வண்டியின் மேன்யுவல் பாக்ஸ் ஒன்று கிடக்கிறது என்று எனக்குத் தெரியும்.

"மேன்யுவல் போட்டா கிளட்ச் மிதிக்கணுமேமா" என்று நாதன் சார் இழுத்தார்.

"என்னால மிதிக்க முடியாதுங்க. வேற வழி சொல்லுங்க."

"வித்துட்டு ஒரு டிரைவர் வெச்சுக்கலாமே?"

"ரெண்டு பேர வெச்சுப் பாத்தாச்சுங்க. மேல ஒரு ஹாடி இருக்குது, காட்டுக்காரங்க ஊரு. நாப்பது வீடு. மூணு மைலும் செம்மண் ஏத்தம். மழை பேஞ்சா ஜீப்புக்காரங்களே வரமாட்டீங்கறாங்க. இந்த வண்டி ஏறும். வாராவாரம் வியாழக்கிழமை நான் போயே ஆகோணும். ஐப்பசி மழைக்கு முன்னால எனக்கு வண்டி வேணும்."

போயே ஆக வேண்டும் என்று அவர் சொன்ன விதத்தில் ஒரு பிடிவாதம் இருந்தது. நாதன் சார் வாசலில் நின்ற ஒரு ஸ்கூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஸ்கூட்டர் ஓட்றவன் இன்னா, காலாலயா கிளட்ச் புடிக்கிறான்? பழனி, பேப்பர் எழுது" என்றார்.

எழுதினேன். நான் எழுதியதிலேயே நல்ல பேப்பர் அதுதான் என்று இப்போதும் சொல்வேன். ஆட்டோமேட்டிக்கின் தகட்டை எடுத்துவிட்டு ஃப்ளைவீல் போடுவது. கிராங்க் முனையில் சின்ன புஷ் ஒன்று வேண்டும், அதை மறந்தால் பாக்ஸ் ஏறிய பிறகு மொத்தமும் இறங்க வேண்டும். பாக்ஸின் நீளம் மாறுவதால் பின்னால் போகும் புரொப்பல்லர் ஷாஃப்டை எவ்வளவு வெட்டிச் சேர்ப்பது. கியர் கம்பி வர எங்கே ஓட்டை போடுவது. கியர் லீவர் ‘பார்க்’ நிலையில் இல்லாவிட்டால் ஸ்டார்ட் ஆகாதபடி ஒரு ஒயர் இருக்கிறது, அதை எங்கே இணைப்பது. கியர் கம்பியின் தலையில் ஸ்கூட்டர் லீவர் ஒன்று. அதை இடது கையால் அமுக்கினால் கேபிள் கிளட்சை இழுக்கும். கை வலிக்காதிருக்க நடுவில் ஒரு வேக்கம் பூஸ்டர். அமுக்கிய கையாலேயே கியரையும் மாற்றலாம்.

மிச்சமிருந்தது ஒன்றுதான். மஞ்சு, இதைக் கவனமாகப் படி. இந்த மாதிரி வண்டியில் முன் சக்கரத்துக்கான கிரவுன் பினியன், அதாவது சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற ஷாஃப்ட் எத்தனை சுற்று என்ற கணக்கை வைத்திருக்கும் பல்சக்கர ஜோடி, கியர்பாக்ஸுக்குள்ளேயே இருக்கிறது. பின் சக்கரத்துக்கானது தனியாகப் பின்னால் இருக்கிறது. பாக்ஸை மாற்றினால் முன்கணக்கு மாறலாம். பின்கணக்கு பழையபடியே இருக்கும். இரண்டும் ஒன்றாக இல்லாவிட்டால், ஒரு கட்டிலை இரண்டு பேர் தூக்கிப்போகும்போது பின்னால் இருப்பவன் வேகமாக நடக்கிற கதைதான். சேற்றில் சக்கரம் வழுக்கிக்கொள்ளும், தெரியாது. தார் ரோட்டில் வழுக்க வழியில்லை. முன்னையும் பின்னையும் நடுவில் சேர்க்கும் கப்ளிங் அத்தனையையும் வாங்கிச் சூடேறிச் செத்துப்போகும்.

அதை எண்ணிப் பார்க்க நாதன் சாரின் முறை இது. பின்பக்கத்தை ஜாக்கி போட்டுத் தூக்க வேண்டும். டயரிலும் ஷாஃப்டிலும் சாக்பீஸால் கோடு. இரண்டு பேர் இரண்டு சக்கரத்தையும் சேர்ந்தாற்போல் பத்துச் சுற்றுச் சுற்ற, மூன்றாவது ஆள் ஷாஃப்டின் சுற்றை எண்ண வேண்டும். ஒரு சுற்று போதாது. டயர்க் கோடு நாலு விரல் தள்ளி நின்றாலே ஒரு சுற்றில் கணக்கு மாறிவிடும். பத்துச் சுற்றில் வித்தியாசம் ஒளிந்துகொள்ள முடியாது. பெங்களூரிலிருந்து வந்த பாக்ஸை மேஜையில் வைத்து ஒழுங்காகவே எண்ணினேன். பத்துக்கு நாற்பத்தொன்று. பின்பக்கம் மட்டும் பாக்கி.

அதற்குள் ஆயுத பூஜை வந்துவிட்டது. பட்டறையைக் கழுவி, ஜாக்கி, ஸ்டாண்டு, ஸ்பேனர் எல்லாவற்றையும் படத்துக்கு முன்னால் வரிசையாக வைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, பூப்போட்டுவிட்டோம். வைத்த கருவியை மறுநாளும் எடுக்கக் கூடாது என்பது எங்கள் பட்டறை வழக்கம். அன்று தசரா ஊர்வலம். அத்தனை பேரும் குடும்பத்தோடு கிளம்பிவிட்டார்கள். அதற்கு அடுத்த நாள் காலையில் பேப்பர் படிப்பதாக டாக்டரம்மாவுக்குச் சொல்லியாகிவிட்டது. ஊர்வலத்தன்று நான் மட்டும் பட்டறைக்குப் போனேன். பூப்போட்ட ஜாக்கியைத் தொட மனம் வரவில்லை. வண்டியை நியூட்ரலில் போட்டு, கையால் கொஞ்சம் தள்ளுவேன், குனிந்து ஷாஃப்டின் கோட்டைப் பார்ப்பேன், மறுபடி தள்ளுவேன். சுவர் வந்துவிட்டது. ஒரு சுற்றுதான் கிடைத்தது. ஷாஃப்ட் நான்கு சுற்றுச் சுற்றி, கோடு கொஞ்சம் தாண்டி நின்ற மாதிரி இருந்தது. தாண்டித்தான் நிற்கும் என்று நான் முன்பே முடிவு செய்திருந்தேன். அதே வண்டியின் பாக்ஸ், வேறு எப்படி இருக்கும்?

பேப்பரில் எழுதினேன்: பின்பக்கம், பத்துச் சுற்று, நாற்பத்தொன்று.

காலையில் கண் விழித்தவுடனே ஜாக்கியை எடுத்து எண்ணிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் நான் போவதற்குள் டாக்டரம்மா முதல் பஸ்ஸில் வந்து காத்திருந்தார். எல்லோரும் வண்டியைச் சுற்றி நின்றிருந்தார்கள். இனி ஜாக்கி போட்டால் எண்ணவில்லை என்பது தெரிந்துபோகும். கௌரவம் தடுத்தது. வேறு காரணமில்லை.

படித்தேன். டாக்டரம்மா ஸ்டூலில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் கவனமாகக் கேட்டார். ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கும்போது ஹேண்ட் பிரேக்கையும் இடது கையால்தானே பிடிக்க வேண்டும் என்று கேட்டார். எங்களில் யாருக்கும் தோன்றாத கேள்வி. ஹேண்ட் பிரேக்கை வலது பக்கம் கதவோரம் மாற்றுவது என்று அங்கேயே எழுதினோம். பிறகு அந்த வரி வந்தது.

"பத்து சுத்தா?" என்றார் நாதன் சார்.

"பத்து சார்."

என்னை ஒரு கணம் பார்த்தார். எண்ணும்போது கூட யார் இருந்தார்கள் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தலையை ஆட்டினார்.

வேலை நான்கு வாரம் நடந்தது. அந்த நான்கு வாரத்தில் எண்ணிப் பார்க்க எனக்கு நாற்பது சந்தர்ப்பம் இருந்தது. எண்ணவில்லை. படித்துவிட்ட பேப்பர் எனக்கே உண்மையாகிவிட்டது.

ஓட்டிப் பார்த்த நாளில் ஹேண்ட் கிளட்ச் வெண்ணெய் மாதிரி இருந்தது. தொழிற்பேட்டை ரோட்டில் பத்துப் பன்னிரண்டு மைல் ஓட்டியதும் யாரோ பின்னால் பிடித்து இழுப்பது போல ஒரு கனம். ரோட்டில் திருப்பும்போது வண்டி முக்கிக்கொண்டு நின்றது. எண்ணெய் கருகும் வாடை. அந்த வாடை மூக்கில் ஏறிய உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. எப்படியோ பட்டறைக்கு ஊர்ந்து வந்து, யாரிடமும் எதுவும் சொல்லாமல் ஜாக்கி போட்டு, இரண்டு பேரைச் சக்கரத்தில் நிறுத்திப் பத்துச் சுற்றும் சுற்றச் சொன்னேன்.

முப்பத்தொன்பது.

அடியிலிருந்து வெளியே வந்தபோது நாதன் சார் பேப்பரோடு நின்றிருந்தார். "படி" என்றார்.

"பின்பக்கம், பத்துச் சுற்று, நாற்பத்தொன்று."

"யாரு எண்ணுனது?"

"நான்தானுங்க சார்."

"எத்தினி சுத்து எண்ணுனே?"

"ஒண்ணு."

கண்ணாடியைத் துடைப்பார் என்று நின்றேன். துடைக்கவில்லை. பேப்பரை மடித்து என் சட்டைப் பையில் வைத்தார். "நாளைக்கு அந்தம்மா வருது. நீயே படி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். என்னை நம்பியதற்காக அவர் தன் மேலேயே கோபப்பட்டார் என்று நினைக்கிறேன். அதைவிட அவர் என்னை அடித்திருக்கலாம்.

மறுநாள் டாக்டரம்மா முன்னால் படித்தேன். ஒன்றுதான் எண்ணினேன், பத்து என்று எழுதினேன் என்று சொன்னேன். ஐப்பசி பிறந்து, வெளியே மழை பிடித்திருந்தது. கணக்கு ஒத்துப்போகிற பின்பக்க டிஃபரன்ஷியலை, அதாவது பின் கிரவுன் பினியன் பெட்டியை, பம்பாயிலோ மெட்ராஸிலோ தேட வேண்டும். அதுவரை பின் ஷாஃப்டைக் கழற்றி, நடு கப்ளிங்கை லாக் செய்து, முன் சக்கரம் மட்டும் இழுக்கும்படி ஓட்டலாம். தார் ரோட்டில் நன்றாகப் போகும்.

"ஏத்தம் ஏறுமா?" என்று மட்டும் கேட்டார்.

"ஏறாதுங்க டாக்டரம்மா. கப்ளிங்கும் நேத்து பாதி வெந்துபோச்சு. பின் ஷாஃப்டைப் போட்டு ஏத்துனா நடுவழியில நின்னுரும்."

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. வண்டியில் ஏறி, இடது கையால் லீவரை அமுக்கி, ஒருமுறை பட்டறையைச் சுற்றி ஓட்டிப் பார்த்தார். பிறகு கதவுக் கண்ணாடியை இறக்கி, "வியாழக்கிழமை என்கூட வாங்க பழனியண்ணா" என்றார்.

பின் டிஃபரன்ஷியல் கிடைக்க மூன்று மாதம் ஆயிற்று. அதை எண்ணும்போது நாதன் சாரே குனிந்து ஷாஃப்டைப் பார்த்தார்; நாற்பத்தொன்று. கூடவே வந்த நல்ல கப்ளிங்கையும் மாற்றினோம். அதன்பின் அந்த வண்டி பல வருடம் அந்த ஏற்றத்தில் ஏறியது. ஆனால் நான் சொல்ல வந்தது அந்த வியாழக்கிழமையைத்தான்.

ஏற்றத்தின் அடியில் வண்டியை நிறுத்தினார். மருந்துப் பெட்டி என் தலையில். அவர் தடியை ஊன்றி நடந்தார். செம்மண் சேறு காலிப்பரின் பூட்டில் அடைத்துக்கொள்ளும். நின்று, குச்சியால் குத்தி எடுத்துவிட்டு, மறுபடி நடப்பார். மூன்று மைலுக்கு இரண்டரை மணி நேரம். பாதி வழியில் வழுக்கி விழுந்தார். தூக்கக் கையை நீட்டினேன்.

"பொட்டியப் புடிங்க. மருந்து ஒடஞ்சிரும்" என்றார். தானே எழுந்தார்.

அந்த வழியெங்கும் நான் அவர் பின்னால் அழுதுகொண்டே நடந்தேன். மழையில் தெரியாது என்பது ஒன்றே ஆறுதல்.

மேலே ஒரு கூரைக் கொட்டகையில் ஜனங்கள் காத்திருந்தார்கள். வயதான ஒரு அம்மா எனக்கு வெல்லக் காப்பி கொண்டுவந்து கொடுத்து, "குடிரி சாமி" என்று சொல்லிவிட்டு வாசல் பக்கம் போய் நின்றார். டாக்டரம்மா ஈரப் புடவையோடு உட்கார்ந்து ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு ரத்த அழுத்தம் பார்த்தார். நோட்டில் எழுதினார். பட்டையை அவிழ்த்து, திரும்பச் சுற்றி, மறுபடியும் பார்த்தார்.

"சரியா வரலீங்களா?" என்று கேட்டேன்.

"சரியாத்தான் இருக்குது. நான் ரெண்டு தடவை பாப்பேன்." அந்தப் பெண் எழுந்து போகும்வரை இருந்துவிட்டு, குரலைத் தணித்துத் தமிழில் சொன்னார். "ஆறு வருசம் முந்தி இதே எடந்தான். அன்னைக்குக் கூட்டம், மழை வேற. ஒரு புள்ளைக்குப் பட்டையே சுத்தல. போன மாசம் என்ன இருந்துதோ அதையே எழுதிப் போட்டேன். நல்லாத்தான இருக்குறா, வேற எப்புடி இருக்கும்னு."

"அந்தப் புள்ளைக்கு என்ன ஆச்சுங்க?"

"ரத்த அழுத்தம் ஏறி, பிரசவத்துல வலிப்பு வந்துருச்சு. கீழ கொண்டாரதுக்குள்ள போயிருச்சு." நோட்டை மூடினார். "உங்களுக்குக் காப்பி குடுத்தாங்கல்ல, அவங்க மக."

என் கையில் தம்ளர் சுட்டுக்கொண்டிருந்தது. "அவங்களுக்குத் தெரியுங்களா?"

"நான்தான் சொன்னேன். எழுதுனதப் படிச்சே காட்டுனேன்."

வாசலைப் பார்த்தேன். அந்த அம்மா காலித் தம்ளருக்காகக் காத்துக்கொண்டு நின்றார். காப்பியை ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தேன். எழுந்து போய், தம்ளரை இரண்டு கையாலும் அவரிடம் கொடுத்தேன்.